மழை வந்தால் விழும் சர்வர்

மழை வலுத்தது. மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பார்த்துக்கிட்டே இருங்க. இப்ப விழும்."

விழுந்தது. திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. அடுத்த அறையில் யாரோ "போச்சு!" என்று கத்தினார்கள். கீழே சரக்கு மேடையில் ஸ்கேனர்களின் கீச்சொலி ஒவ்வொன்றாக அடங்கியது. வாசலில் நின்ற லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.

"சர்வர் விழுந்துட்டான்னா, கையில இருந்த தட்டு என்னாச்சு?" என்று கேட்டார் மாமா.

யாரும் சிரிக்கவில்லை. மாமா அதற்கெல்லாம் கவலைப்படுகிறவர் இல்லை. காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். காலை நேரத்துக் கூட்டத்தைச் சமாளித்தவருக்கு நாலு கடுத்த முகங்கள் எம்மாத்திரம்?

அவர் பக்கத்தில் நின்றவளைத் தொழிலில் எல்லோரும் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். டேட்டாபேஸில் எங்கே என்ன கோளாறு என்று சலித்து எடுப்பவள். ஆனால் புது ஆட்கள் முன்னால் அவளுக்கு வாய் எழாது. அதற்காகவே தாய்மாமாவை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மனிதர்களிடம் பேசுவது அவர் வேலை. எந்திரங்களிடம் பேசுவது அவள் வேலை.

அது மருந்துகளைக் குளிரில் வைத்திருந்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் கிடங்கு. மழைக்காலம் பிறந்ததிலிருந்து சர்வர் விழுந்துகொண்டே இருந்தது. விழும்போதெல்லாம் லாரிகள் நிற்கும். லாரிகள் நின்றால் மருந்து கெடும்.

"நான் செய்யறது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் மேனேஜர். "மதியம் ரிப்போர்ட் பட்டனைத் தட்டுவேன். எத்தனை பெட்டி வந்துச்சு, எத்தனை போச்சு, எது காணோம்னு காட்டும். அதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. எழுதினது இந்தப் பொண்ணு."

இந்தப் பொண்ணு சுவரோரம் நின்றிருந்தாள். ஒல்லி. உரசினால் பற்றிக்கொள்வாள் என்பதால் ஆபீசில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். அவள் எதிரே மேசையில் ஒரு கடிதமும் ஒரு பேனாவும் இருந்தன. பதவி உயர்வு கிடைக்காத கோபத்தில் சர்வரை வேண்டுமென்றே விழவைத்தேன் என்று அவள் சொல்வதுபோல் மேனேஜர் எழுதிவைத்த கடிதம். கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் போலீஸ். எப்படிப் பார்த்தாலும் அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் அண்டவிடாது.

"போட மாட்டேன்" என்றாள் தீக்குச்சி. "எத்தனை தடவை கேட்டாலும் இதான் பதில்."

"வெயில் நாள்ல சர்வர் குத்துக்கல்லாட்டம் நிக்குது. மழை நாள்ல மட்டும் விழுது. மழைக்கும் சர்வருக்கும் என்னம்மா சம்பந்தம்? நீ நாள் பார்த்து விழவைக்கிறே. சந்தேகம் மழை மேல போகட்டும்னு பார்க்கிறே."

"மழை மேல கேஸ் போட முடியாதே சார்" என்றார் மாமா. "அதான் பொண்ணு மேல போடறீங்களா?"

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் தீக்குச்சியைப் பார்த்தார். "நீ வெளியாளை வச்சுப் பார்க்கணும்னு அடம்பிடிச்சே. கூப்பிட்டாச்சு. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வராங்க. சர்வர் ஏன் விழுதுன்னு அவங்க கேட்பாங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

"ரிப்போர்ட்டைப் பார்க்கணும்" என்றாள் சல்லடை, தரையைப் பார்த்தபடி.

"பாஸ்வேர்டு முன்னாடி எங்க ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சு" என்றார் மேனேஜர். "முதல் தடவை விழுந்ததுமே இவகிட்டேர்ந்து பிடுங்கிட்டேன். இப்ப என்கிட்ட மட்டும்தான்."

"நான் எழுதினதை என் கண்ணுலயே காட்ட மாட்டேங்கறாங்க" என்றாள் தீக்குச்சி. "குத்தம் என்னன்னு தெரியாமலே கையெழுத்து மட்டும் வேணுமாம்."

---

சர்வர் அறையில் மாமா சுவரைத் தடவினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். மூலையில் குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

"சொட்டு ஈரம் இல்ல. இந்த அறைக்கு வெளிய மழை பெய்யுதுன்னே தெரியாது. சர்வருக்கு ஜலதோஷம் பிடிக்க வழியே இல்ல கண்ணு."

சல்லடை சர்வரை எழுப்பிவிட்டு, முதலாளியம்மா மேனேஜரிடம் வாங்கிக்கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு, ரிப்போர்ட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். அவள் முகம் வாடியது.

"தப்பு இருக்கு மாமா."

"எங்க?"

"ஜோடி சேர்க்கிற இடத்துல. உள்ள வந்த பெட்டிகள் ஒரு வரிசை. வெளிய போன பெட்டிகள் இன்னொரு வரிசை. ரெண்டையும் பக்கத்துல வச்சு, இந்த வரிசையில இருக்கறதுக்கு அந்த வரிசையில ஜோடி தேடணும். எங்க தொழில்ல இதை ஜாயின்னு சொல்வோம்."

"ஏறின ஆளையும் இறங்கின ஆளையும் டிக்கெட் நம்பரை வச்சுச் சரிபார்க்கிற மாதிரி."

"அதேதான். இங்க டிக்கெட் நம்பர்ங்கறது பெட்டி நம்பர். ஆனா இதெல்லாம் திரும்பத் திரும்ப வர்ற பிளாஸ்டிக் பெட்டி. ஒரே பெட்டி ஒரே நாள்ல ரெண்டு தடவை வந்து ரெண்டு தடவை போனா?"

மாமா விரலை மடக்கினார். "வந்தது ரெண்டு, போனது ரெண்டு. ஒவ்வொண்ணும் ரெண்டோடயும் ஜோடி சேரும். ரெண்டு ஜோடிக்குப் பதிலா நாலு."

"ஆமா. பெட்டி நம்பரை மட்டும் வச்சு ஜோடி சேர்த்திருக்கக் கூடாது. இது கத்துக்குட்டி பண்ற தப்பு."

"அப்ப பொண்ணுதானா?"

சல்லடை திரையை மறுபடி மேலே உருட்டினாள். அந்தப் பெண் சுவரோரம் நின்று 'போட மாட்டேன்' என்று சொன்ன விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. தன்னால் ஒருநாளும் அவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் சாட்சியாகாது.

"ஒண்ணு இடிக்குது" என்றாள் கடைசியில். "ரெண்டு நாலாகறதுக்கும், மூணு ஒன்பதாகறதுக்கும் சர்வர் விழாது. ஏதோ ஒரு நம்பர் ஆயிரக்கணக்குல வந்தாத்தான் விழும். எந்த நம்பர் அதிகமா வந்திருக்குன்னு கேட்டுப் பார்க்கறேன்."

கேட்டாள். சர்வர் உடனே பதில் சொன்னது.

இன்று அரை நாளில் ஒரே ஒரு பெட்டி நம்பர் பத்தாயிரம் தடவைக்கு மேல் உள்ளே வந்திருந்தது. ஏறக்குறைய அத்தனை தடவையே வெளியேயும் போயிருந்தது. முந்தைய மழை நாட்களிலும் அதே நம்பர்தான். வெயில் நாட்களில் அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலைகாட்டியது.

"பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால பெருக்கினா பத்துக் கோடி" என்றாள். "பத்துக் கோடி ஜோடியைத் தூக்கிக்கிட்டு எந்த சர்வர் நிக்கும்?"

"அரை நாள்ல பத்தாயிரம் நடையா? அது பெட்டி இல்ல கண்ணு. நான் பார்த்த ஷட்டில் பஸ்கூட இவ்வளவு ஓடினதில்ல."

சல்லடை அந்த நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். "மழை நாள்ல மட்டும் ஊர் சுத்தற பெட்டி. வாங்க, அதைப் பிடிப்போம்."

---

சரக்கு மேடை ஒரு பக்கம் மழைக்குத் திறந்திருந்தது. மறுபக்கம் குளிர் அறைகளின் கனத்த கதவுகள். சர்வர் எழுந்துவிட்டதால் ஸ்கேனர்கள் மறுபடி கீச்சிட்டன. கையுறை போட்ட ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை லாரியிலிருந்து உள்ளேயும், உள்ளேயிருந்து லாரிக்கும் ஓட்டமும் நடையுமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேடையின் சூப்பர்வைசர் முழங்கால்வரை தொங்கும் வெள்ளைக் குளிர்கோட்டு போட்ட உயரமான பெண். பனிக்கரடி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். திரும்பிப் பார்ப்பார்.

"இந்த நம்பர் பெட்டி எங்கக்கா இருக்கு?" சல்லடை கையை விரித்துக் காட்டினாள்.

பனிக்கரடி நம்பரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆட்கள் சட்டென்று தத்தம் கையுறைகளை ஆராயத் தொடங்கினார்கள்.

"தெரியாது" என்றார் பனிக்கரடி. "உள்ள இருக்கலாம். தேடிக்கோங்க."

தேடினார்கள். குளிர் அறையில் கூரைவரை பெட்டிகள். மாமாவின் பற்கள் தந்தியடித்தன.

"எ-என்னை இங்கேயே ஒரு தட்டுல வச்சிட்டுப் போயிடு கண்ணு. இன்னும் நூறு வருஷம் கெடாம இருப்பேன்."

அந்த நம்பர் எந்தப் பெட்டியிலும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். வந்ததும் மாமா அப்படியே நின்றார்.

"ஐயோ, கண்ணு! எனக்குக் கண் தெரியல!"

அவர் மூக்குக்கண்ணாடி பால்போல் வெளுத்திருந்தது. சட்டை நுனியால் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க மாமா!"

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. கை அந்தரத்தில் நின்றது. சல்லடை அவர் கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி, குளிர் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பெட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு பெட்டியின் லேபிளும் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"மழை நாள்ல காத்து முழுக்க ஈரம்" என்றாள். "குளிர் அறையோ, குளிர் லாரியோ, குளிர்லேர்ந்து வெளிய வர்ற எதுவும் வேர்க்கும். உங்க கண்ணாடி. அந்த லேபிள்."

"லேபிள் வேர்த்தா?"

"ஸ்கேனருக்கும் கண் தெரியாது."

தூணோரம் இருந்த ஆள் ஒரு பெட்டியின் மேல் ஸ்கேனரை வைத்தான். அது உறுமியது. இன்னொரு தடவை வைத்தான். மறுபடி உறுமல். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. கையைத் தூணுக்குப் பின்னால் நீட்டினான். கீச்! பெட்டி லாரிக்குள் போனது. அடுத்த பெட்டி. உறுமல். தூணுக்குப் பின்னால் கை. கீச்!

சல்லடை தூணைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு ஆணியில் நூல் கட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய லேபிள் தொங்கியது. எத்தனையோ கைகள் பட்டு ஓரம் மழுங்கியிருந்தது. அதில் இருந்த நம்பரை அவள் உள்ளங்கையோடு ஒப்பிடவே தேவையில்லை.

"காலிப் பெட்டியோட லேபிள்" என்று பின்னாலிருந்து பனிக்கரடியின் குரல் வந்தது. "நாங்க ஆபத்பாந்தவன்னு சொல்வோம்."

மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதை எட்டிப் பார்த்தார். "கும்பிடறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். எத்தனை தூண்ல இவர் எழுந்தருளியிருக்காரு?"

"எல்லாத் தூண்லயும். ஒரே லேபிளைத்தான் நகல் எடுத்து மாட்டியிருக்கோம்." பனிக்கரடி மேடையின் மேலே இருந்த மணியைக் காட்டினார். "பெட்டி ரொம்ப நேரம் வெளிய நின்னா அது அடிக்கும். அடிச்சா மேனேஜர் ஓடி வந்து கத்துவாரு. அவர் கத்தறது இருக்கட்டும், மருந்து கெட்டுப்போகுமே. லேபிளைத் துடைச்சு, ஊதி, காய வச்சு அடிச்சுக்கிட்டு இருந்தா இந்த வேலை ஆகுமா? ஈரம் ஒட்டாத லேபிள் வாங்கித் தாங்கன்னு போன மழைக்கே கேட்டேன். உங்க ஆளுங்க வேகமா வேலை செய்யலைன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நாங்க வேகமா வேலை செஞ்சோம்."

சல்லடை தயங்கினாள். "இதை நான் மேல சொல்லியாகணும் அக்கா. சொன்னா உங்க வேலைக்கு ஆபத்து."

"சொல்லலைன்னா?"

"அந்தப் பொண்ணுக்கு."

பனிக்கரடி ஒரு நொடி மழையைப் பார்த்தார். பிறகு நூலை ஒரே இழுப்பில் அறுத்து, லேபிளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீங்க என்ன சொல்றது? என் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? வாங்க, நானே சொல்றேன்."

---

முதலாளியம்மாவின் மேசையில் ஆபத்பாந்தவன் கிடந்தது. பனிக்கரடி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். குரல் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. சல்லடை பத்துக் கோடி ஜோடியின் கதையைச் சொன்னாள்.

மேனேஜர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்ப சரியாப் போச்சு! கீழ இருக்கறவங்க ஏமாத்தியிருக்காங்க. மேல இருக்கறவ அரைகுறையா எழுதியிருக்கா. ரெண்டு பேரையும் அனுப்பிட்டா விவகாரம் முடிஞ்சுது."

"வந்த வேகத்துல ரெண்டு டிக்கெட் கிழிச்சிட்டீங்களே சார்" என்றார் மாமா.

சல்லடை தன் லேப்டாப்பைத் தீக்குச்சியின் பக்கம் திருப்பினாள். "இதைப் படிங்க."

தீக்குச்சி குனிந்து படித்தாள். படிக்கப் படிக்க அவள் காது மடல்கள் சிவந்தன.

"இது நான் எழுதினது இல்ல."

"எல்லாரும் சொல்றதுதான்" என்றார் மேனேஜர்.

"பெட்டி நம்பரை மட்டும் வச்சு ஜோடி சேர்க்க நான் என்ன முட்டாளா? நான் ரெண்டு பொருத்தம் வச்சிருந்தேன். ஒண்ணு பெட்டி நம்பர். இன்னொண்ணு..."

"சொல்லாதீங்க!" சல்லடை கையை உயர்த்தினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பார்வை தரைக்குப் போனது. ஆனாலும் விடவில்லை. "ரெண்டாவது பொருத்தம் என்னன்னு மேடம் காதுல மட்டும் சொல்லுங்க."

தீக்குச்சி மேசையைச் சுற்றிப் போய் முதலாளியம்மாவின் காதில் இரண்டே வார்த்தை சொன்னாள். அவர் தலையசைத்தார்.

"ஒரு வரி போயிருக்கு" என்றாள் சல்லடை. "பெட்டியில ஒட்டியிருக்கிற லேபிளைப் பார்த்ததும் அது எந்த வரியா இருக்கும்னு எனக்கும் புரிஞ்சுது. அதைத் திரும்பச் சேர்த்து இப்பவே ஓட்டறேன். மழையும் பெய்யுது. சர்வர் விழாது."

"வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"ஏன் சார்?"

"திரும்ப விழுந்துட்டா? லாரியெல்லாம் நிக்குது."

"விழாதுன்னு அவதான் சொல்றாளே" என்றார் மாமா. "ஓட்டு கண்ணு. சாருக்கு என்ன பயம்? அவர் காலத்துல ஒரு பெட்டிகூடத் தொலைஞ்சதில்லன்னு வாசல்லயே போர்டு மாட்டியிருக்காங்க. அந்தப் பூஜ்யம் எங்க போயிடப் போகுது?"

சல்லடையின் விரல்கள் விசைகளில் ஓடின.

"நிறுத்துங்க!" மேனேஜர் எழுந்துவிட்டார். "உங்களுக்கு அறிவு இருக்கா? பேட்ச் நம்பரைச் சேர்த்தீங்கன்னா அத்தனை பெட்டியும் காணாமப் போனதா வந்து நிக்கும்! ஆஸ்பத்திரிக்காரங்க வர்ற நேரத்துல இதெல்லாம்..."

அவர் குரல் பாதியில் நின்றது.

"பேட்ச் நம்பர்" என்றார் முதலாளியம்மா மெதுவாக. "இவ என் காதுல சொன்னதும் அதான். உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"அது... பொதுவா..."

"ஒரு எழுத்துகூடத் தெரியாதுன்னாரே" என்றார் மாமா. "நம்பர் தெரியாதுன்னு சொல்லல பாருங்க."

சல்லடைக்கு இப்போது வார்த்தைகள் தாமாக வந்தன. "மருந்து எந்தத் தயாரிப்புல வந்ததுன்னு லேபிள்லயே பேட்ச் நம்பர் இருக்கும் மேடம். அதே பெட்டி திரும்ப வந்தாலும் உள்ள இருக்கிற பேட்ச் மாறியிருக்கும். அதனால ரெண்டும் பொருந்தினாத்தான் ஜோடி. ஆபத்பாந்தவன் காலிப் பெட்டியோட லேபிள். அதுல பேட்ச் இல்ல. அந்த இடம் வெறுமையா இருக்கும். டேட்டாபேஸ்ல வெறுமையும் வெறுமையும் ஒருநாளும் ஜோடி சேராது. அதனால தூணைப் பார்த்து அடிச்ச ஒவ்வொண்ணும் ஜோடி இல்லாம தனியா நிக்கும். ரிப்போர்ட்ல காணாமப் போனதுன்னு வரும்."

"அது வரணும்னுதான் எழுதினேன்" என்றாள் தீக்குச்சி. "ஏதோ சரியில்லன்னா கண்ணுல படணும். வெயில் காலத்துல தினம் கொஞ்சம் காட்டிச்சு. இவர்கிட்ட சொன்னேன். பார்க்கறேன்னாரு."

"பார்த்தாரு" என்றாள் சல்லடை. "வரியை எடுத்துட்டாரு. வெறும் பெட்டி நம்பர் மட்டும்னா ஆபத்பாந்தவன் ஆபத்பாந்தவனோடயே ஜோடி சேர்ந்துக்கும். காணாமப் போனது பூஜ்யம். வாசல்ல போர்டு. அப்புறம் மழை வந்துடுச்சு. அதை அவர் கணக்குல சேர்க்கல."

"கம்பெனி பேரைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்!" என்றார் மேனேஜர்.

"அதுக்கு என் பேர்தான் கிடைச்சுதா?" என்றாள் தீக்குச்சி.

முதலாளியம்மா கடிதத்தை எடுத்து மேனேஜரின் பக்கமாகத் தள்ளினார். அவரைப் பார்க்கவில்லை. தீக்குச்சியைத்தான் பார்த்தார்.

"உன் மேல தப்பு இல்ல. உன் வேலை உனக்குத்தான். ஆனா எனக்கு ஒரு உதவி செய். இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் அந்த வரி இல்லாமலே இருக்கட்டும். பட்டனை யாரும் தட்ட வேண்டாம். சர்வரும் விழாது. ஒப்பந்தம் முடிஞ்சதும் நாளைக்குச் சேர்த்துக்கலாம்."

வேறு யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். போலீஸ் வரை போகவிருந்த விஷயம் கையெட்டும் தூரத்தில் நல்லபடியாக முடிகிறது. தீக்குச்சி தலையாட்டவில்லை.

"பூஜ்யம்னு காட்டி ஒப்பந்தம் போடப்போறீங்களா மேடம்?"

"ஒரு நாள்தான்."

"நோயாளிக்குப் போற மருந்து. எங்க இருக்குன்னு தெரியாத பெட்டியை எல்லாம் இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் சொல்லும். அதுல என் பேர் இருக்கும். முடியாது."

"நான் வேலையைத் திருப்பித் தர்றேன்னு சொல்றேன்."

"அப்படித் தர்ற வேலை எனக்கு வேண்டாம். ஆனா அந்த வரியைப் போட்டுட்டுத்தான் போவேன்."

முதலாளியம்மா சல்லடையின் பக்கம் திரும்பினார். "லேப்டாப்பை மூடுங்க. உங்களைக் கூப்பிட்டது நான்."

"ஆமா மேடம்" என்றாள் சல்லடை. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. ஆனால் கை லேப்டாப்பை மூடவில்லை. மேசையின் மேல் மெல்ல நகர்த்தித் தீக்குச்சியின் முன்னால் வைத்தது.

மாமா ஒரு நாற்காலியை இழுத்துத் தீக்குச்சியின் பின்னால் போட்டார்.

தீக்குச்சி ஒரு வரி எழுதினாள். ஓட்டினாள்.

வட்டம் சுற்றவே இல்லை. கண்ணிமைப்பதற்குள் ரிப்போர்ட் வந்து நின்றது. கீழே ஸ்கேனர்கள் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன. திரையின் உச்சியில், இத்தனை நாளும் பூஜ்யம் இருந்த இடத்தில், ஐந்து இலக்கத்தில் சிவப்பாக ஒரு எண் நின்றது.

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இதுல எத்தனை தூணைப் பார்த்து அடிச்சது? எத்தனை நிஜமாவே காணாமப் போனது?"

பனிக்கரடி சல்லடையைப் பார்த்தார். சல்லடை மேனேஜரைப் பார்த்தாள். அவருக்கு வியர்த்திருந்தது.

"தெரியாது மேடம்" என்றாள் சல்லடை. "பூஜ்யம்னு எழுதியிருந்த வரைக்கும் யாருக்கும் எண்ணிப் பார்க்கத் தோணல. இனிமே கையாலதான் எண்ணணும்."

"எண்ணிடுவோம்" என்றார் பனிக்கரடி. கோட்டுப் பையிலிருந்து இன்னொரு ஜோடிக் கையுறையை எடுத்துத் தீக்குச்சியிடம் எறிந்தார். "வேலையை விட்டுட்டுப் போறவ, ஒரு நடை உள்ள வந்துட்டுப் போ. எழுதத் தெரிஞ்சா போதாது, குளிரவும் தெரியணும்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். மேனேஜரும் அவர்கள் பின்னால் நழுவப் பார்த்தார். வாசலில் மாமா நின்றிருந்தார், ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி.

"படியில நிக்காதீங்க சார். உள்ள போங்க. உள்ள நிறைய இடம் இருக்கு."

முதலாளியம்மாவின் தொலைபேசி அடித்தது. எடுத்தார். எதிர்முனையில் ஆஸ்பத்திரிக்காரர்கள்.

"வாங்க, காத்துக்கிட்டிருக்கோம்... ஆமா, ரிப்போர்ட் தயார். முன்கூட்டியே சொல்லிடறேன். அதுல பெரிய நம்பர் ஒண்ணு இருக்கும். பார்க்க நல்லா இருக்காது. ஏன் வந்துச்சுன்னு அதை எழுதின பொண்ணே உங்களுக்கு விளக்கிச் சொல்லுவா."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்கள் மேனேஜரின் மேல் போய் நின்றன.

"அவளை வெளிய அனுப்பியாச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது?... இல்லையே. கீழ குளிர்ல நின்னு பெட்டி எண்ணிக்கிட்டிருக்கா. எங்க ஆளுதான்."